நான் நிறுத்திய மலை பஸ்

இந்த வருஷம் பயிற்சி முடித்துச் சுகாதார ஆய்வாளர்களாக எங்கள் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளே, உங்களைவிட நான் ஒன்றும் பெரிய மூப்பு இல்லை. ஆறு வருஷ சர்வீஸ்தான். கல்யாணம்கூட இன்னும் ஆகவில்லை. இந்த மாதிரி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள் எழுதினால்தான் மரியாதையாக இருக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "ரிட்டயர் ஆனவங்க அவங்க செஞ்ச தப்ப மறந்திருப்பாங்க. உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கில்ல, நீயே எழுது" என்று சொல்லிவிட்டார் எங்கள் டாக்டரம்மா. அவர் எந்தத் தப்பைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

ஒரு ஊரில் தொற்றுநோய் வந்தால் வழியை அடைக்க வேண்டும், போக்குவரத்தை நிறுத்த வேண்டும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். நீங்களும் எழுதியிருப்பீர்கள். அது தப்பான பதில் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. என்னை அந்தக் கேள்வி கேட்டவர் சித்தேரி மலையில் ஒரு ஓடைக்கரைக் கொட்டாயில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண். பெயர் வெள்ளையம்மா. என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராகத்தான் இருப்பார்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம். தகுதிகாண் பருவம் முடியவில்லை. எங்கள் ஊர் மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை, எல்லாரும் கைநாட்டு. நான் எழுதி ஆபீஸுக்குக் கொடுத்த ஒவ்வொரு தாளையும் அந்த நாட்களில் இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொள்வேன். பிழை இருக்குமோ என்ற பயம் பாதி. நான் எழுதியதுதானா இது என்கிற ஆச்சரியம் பாதி.

மாசி மாதம் பிறந்ததும் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தட்டம்மை வந்தது. எங்கள் பக்கத்தில் மணல்வாரி என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, சளி, அப்புறம் உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்தாற்போலச் சிவப்புப் புள்ளி. ஒரு குழந்தை இறந்துபோனது. நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்த ஊரிலிருந்து பார்த்தால் மலை தெரியும். மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு மணல்வாரி வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்று விசாரித்ததில் தெரிந்தது. அப்படியானால் அங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகள் ஒருவர்கூட இந்த நோயைப் பார்த்ததில்லை. ஒன்று வந்தால் எல்லாருக்கும் வரும். மலைக்குப் போவதற்கு ரோடு ஒன்றுதான். அதில் ஓடுவது ஒரே பஸ், அரூரிலிருந்து காலையில் ஒரு நடை, சாயந்தரம் ஒரு நடை. எனக்கு மனதில் படம் மாதிரித் தெரிந்தது. ஒரே ரோடு, ஒரே பஸ். அதை நிறுத்தினால் மலை தப்பித்தது.

ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். டாக்டரம்மா படித்துவிட்டு, "பஸ்ஸ நிறுத்துனா போதும்னு உறுதியா தெரியுமா?" என்று கேட்டார். "தெரியுங்க மேடம்" என்றேன். அறிக்கை மேலே போனது. மூன்றாம் நாள் பஸ் நின்றது.

தம்பிகளே, உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு பெரிய வண்டி, பச்சைப் பெயிண்ட் அடித்த வண்டி, நான் எழுதிய தாளினால் அரூர் பஸ் ஸ்டாண்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு தடவை அந்தப் பக்கம் போனேன்.

அடிவாரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தேன். நடந்து வருகிறவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். கண்ணைப் பார்ப்பேன். பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பேன். காய்ச்சல் இருந்தால் திருப்பி அனுப்பினேன். இல்லாவிட்டால் கயிற்றைத் தூக்கிவிட்டேன். நாளுக்கு நாள் வருகிறவர்கள் குறைந்தார்கள். இரண்டு வாரம் கழிந்ததும் ஒருவர்கூட வரவில்லை. நோட்டில் 'நடமாட்டம் இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த நாள் அரூரில் சந்தை. டீ குடிக்கப் போன இடத்தில் அந்த மலை பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது வயசுக்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை.

"என்னாங்க சார், மலைய இழுத்து மூடிட்டீங்களாம்?"

"ஆமாங்க. ஒரு ஆள்கூட வரல."

"வரலியா? சரி. அப்ப சந்தையில குந்திகிட்டு புளி விக்கறவங்க எல்லாம் யாருங்க? வானத்துல இருந்தா குதிச்சாங்க?"

டீயை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். புளி, தினை, சாமை, சீமாறு என்று பரப்பி வைத்துக்கொண்டு மலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஓடுகிற நாளில் எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேர். மாசி மாதம் புளி உலுக்குகிற காலம் என்பதும், இந்தச் சந்தையை விட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதும் என் அறிக்கையில் இல்லை.

"எப்படி வந்தீங்க?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"நடந்துதான் சாமி. பஸ்ஸ எவனோ நிறுத்திப்புட்டானாம்."

"ரோட்டுல நான்தானே இருந்தேன், உங்களப் பாக்கலியே?"

"ரோட்டுல எதுக்கு வர்றோம்? அது பஸ்ஸுக்குப் போட்டது. சுத்து வழி."

அவர் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் வந்தது ஓடை வழி. இன்னொருவர் வந்தது மாடு ஓட்டுகிற தடம். தேன் எடுக்கப் போகிற தடம் ஒன்று, மூங்கில் வெட்டுகிறவர்கள் போன தடம் ஒன்று, பொண்ணு கட்டிய ஊருக்கு மாப்பிள்ளைகள் நடந்தே தேய்ந்த தடம் ஒன்று. ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சொன்னார்கள். எதிரே தெரிகிற அந்த மலையை நான் சின்ன வயசிலிருந்து தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு சுவர் மாதிரி நிற்கும். அன்றைக்குத்தான் அது சுவர் இல்லை, சல்லடை என்று தெரிந்தது.

அது பாதிதான். மீதியை ஒரு பெண் சொன்னார். "பஸ்ஸுன்னா காலையில வந்து சாயங்காலம் வூட்டுக்குப் போயிருவம். இப்ப நடந்து வர்றதால ஒரு நாளு வழியில தங்கிக்கறம். அதனால என்னா, வழியெல்லாம் சொந்தக்காரங்க வூடுதான்."

வழியில் இருக்கிற ஊர்களின் பெயர்களைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் நோய் ஒட்டாது என்று நான் சொல்லவில்லை. ஒட்டும். நெருக்கி உட்கார்ந்தால் நன்றாகவே ஒட்டும். ஆனால் அந்த பஸ் ஏறியவர்களை நடுவில் இருக்கிற குக்கிராமங்களைத் தாண்டி ஒரேயடியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதால் நான் அவர்களை ஊர் ஊராக நடக்க வைத்தேன். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு வாய் களி, ஒரு ராத்தூக்கம், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு. ரோடே போகாத ஊருக்கு நோய் போவதற்கு நான் வழி போட்டுக் கொடுத்திருந்தேன். அடிவாரத்து ஊரில் தங்கிவிட்டுத் திரும்பியவர்களும் அப்படித்தான் மேலே போயிருக்கிறார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே கிளம்பி, ஓடை வழியாக மலை ஏறினேன். முதல் ஊரில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. இரண்டாவது ஊரில் ஐந்தாறு வீடு. மூன்றாவது ஊரில் இன்னும் வேப்பிலை இல்லை, ஆனால் பிள்ளைகள் மூக்கொழுகிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் நான்காவது ஊரிலும் அதேதான். அந்த வழியில் மிஞ்சியிருந்தது மலைச்சரிவில் கடைசியாக இருக்கிற ஓர் ஊர். பெயரை எழுதவில்லை, கடைசி ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வீடு இருக்கும். அங்கே இன்னும் யாருக்கும் வரவில்லை என்று சொன்னார்கள். மூச்சு வாங்க அங்கே ஓடினேன்.

ஊருக்குச் சற்று முன்னால் ஓர் ஓடை. அதற்கு இந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதையின் நடுவில் ஒரு வேப்பங்கொத்தை மண்ணில் ஊன்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் தினைக்காட்டுக் காவலுக்குப் போட்ட ஒரு பழைய கொட்டாய். அதிலிருந்து புகை வந்தது. உள்ளே வெள்ளையம்மா. மடியில் எட்டு மாதக் கைக்குழந்தை. பக்கத்தில் கிழிந்த போர்வைக்குள் நாலு வயசுப் பையன், முகமெல்லாம் புள்ளி.

அம்மா வீட்டில் காதுகுத்து என்று அடிவாரத்து ஊருக்குப் போய்ப் பதினைந்து நாளுக்கு மேல் தங்கியிருக்கிறார். திரும்பும்போது பஸ் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். பாதி வழியில் பெரியவனுக்குக் காய்ச்சல் கொதித்திருக்கிறது. ஓடைக்கரைக்கு வந்ததும் முகத்தில் முதல் புள்ளி தெரிந்திருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டார். புருஷன் கர்நாடகத்தில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் மாமியார் ஒரு பாறைமேல் கூழ்ப்பானையை வைத்துவிட்டுத் தூரப் போய்விடுவார். இவர் போய் எடுத்து வருவார். இரண்டு நாளாக இப்படி. யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. கயிறு இல்லை, மேஜை இல்லை, அரசாங்க உத்தரவு இல்லை.

நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் மாமியாரும் மருமகளும் ஓடைக்கு இரண்டு பக்கமும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடியே, உப்பு போட்டுக் குடுத்தியா புள்ளைக்கு?"

"ஆங், நீ போட்ட உப்பே கடலளவு இருக்குது, இன்னும் போடணுமா?"

"வாயி மட்டும் குறையல! சின்னவனயாவது எங்கிட்ட தாடி, பனியில கெடக்கறான்."

மாசியிலும் அந்த மலையில் காலைப்பனி குத்தும். கொட்டாய்க்கு நாலு பக்கமும் தடுப்பு இல்லை. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. கண் தெளிவு. என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இவனுக்கு ஒண்ணுமில்லைங்க. இவன உங்க மாமியாகிட்டக் குடுத்துருங்க. பெரியவன மட்டும் வெச்சிகிட்டு இருங்க" என்றேன்.

வெள்ளையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் ஊசிக்காரரா?"

"ஆமாங்க. சுகாதார ஆய்வாளர்."

"நெத்தியத் தொட்டுப் பாத்து சொல்லிப்புட்டீங்க, ஒண்ணுமில்லன்னு. பெரியவன் போன வாரம் இப்படித்தான் சிரிச்சிகிட்டு இருந்தான். இவன் பாலு குடிக்கறது அவனுக்குப் பக்கத்துல படுத்துகிட்டு. ஆத்தா ஒருத்தனப் பாத்துட்டு இன்னொருத்தனச் சும்மா வுட்டுட்டுப் போயிருவாளா? இவன அங்க குடுத்தா நாப்பது வூட்டுக்கும் நானே கொண்டுபோயிக் குடுத்த மாதிரி."

நோய் உடம்புக்குள் போவதற்கும் வெளியே தெரிவதற்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க். ஆனாலும் குழந்தை சிரித்ததும் மறந்துபோனேன். அடிவாரத்தில் இப்படி நெற்றி ஜில்லென்று இருந்த எத்தனை பேருக்குக் கயிற்றைத் தூக்கிவிட்டேனோ! இரக்கம் வரும்போது படித்தது கைவிட்டுப் போகும். இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைப் பார்த்துப் பயப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரோடு வந்திருக்கிற நல்ல உடம்புக்காரரை அதைவிடக் கவனமாகப் பாருங்கள்.

"எத்தன நாளு குந்தணும்?" என்று கேட்டார்.

கணக்குப் போட்டேன். சின்னவனுக்கு வருவதென்றால் இன்னும் பத்து நாளில் தெரியும். வந்தால் அதற்குமேல் ஒரு வாரம். "மூணு வாரம் ஆகுங்க" என்றேன்.

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. அடுப்பில் சுள்ளியைத் தள்ளிவிட்டு, "சரி. குந்தறன். நான் இங்க குந்தியிருக்கற நாள்ல நீங்க என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

இதுதான் தம்பிகளே, வினாத்தாளில் இல்லாத கேள்வி. நான் பஸ்ஸை நிறுத்தியபோது அந்த நாட்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. நிறுத்தியதே வேலை முடிந்த மாதிரி இருந்தேன். வழியை அடைப்பதால் நோய் செத்துப்போவதில்லை. சுற்றிக்கொண்டு வரும், தாமதமாக வரும். அந்தத் தாமதம்தான் நமக்குக் கிடைப்பது. அதில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் நோய் வரும்போது நாம் முதல் நாளில் எங்கே இருந்தோமோ அங்கேயேதான் இருப்போம்.

"தடுப்பூசி கொண்டுவருவேன்" என்றேன். அந்தச் சமயத்தில் தட்டம்மை ஊசி புதுசு. எங்கள் பக்கத்துக்கு அது கொஞ்சமாகத்தான் வந்துகொண்டிருந்தது. "உங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் போடணும். போட்டாலும் உடம்புல பிடிக்க பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க உள்ளே போகாம இருந்தா ஊர் தப்பிச்சிரும்."

"எப்ப வரும்?"

"சீக்கிரம்."

"சீக்கிரம்னு ஒரு கெழமை இல்ல ஊசிக்காரரே. நாளு சொல்லுங்க."

"நாலு நாள்."

"அஞ்சாம் நாளு காலையில பாப்பன். ஊசி வரலன்னா எம் புள்ளங்களத் தூக்கிகிட்டு வூட்டுக்குப் போயிருவன். ஊருக்கு ஒதவும்னா பனியில கெடக்கறன். ஒண்ணுத்துக்கும் ஒதவாமச் சும்மா கெடக்க மாட்டன்."

நியாயம்.

கீழே இறங்கி டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தர்மபுரிக்குத் தானே போய், கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, மூன்றாம் நாள் சாயந்தரம் ஊசி மருந்தோடு வந்துவிட்டார். நாலாம் நாள் காலையில் ஐஸ் நிரப்பிய பெட்டி தயார். கூட வர நர்ஸம்மா தயார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. மலைக்கு பஸ் இல்லை. ஓரமாக நிற்கிறது. நிறுத்தியவன் நான்.

நடந்தால் நாள் முழுக்க ஆகும். உச்சி வெயிலில் ஏறினால் ஐஸ் பாதி வழியில் தண்ணீராகும். சூடான ஊசி மருந்தைப் போடுவதும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான். அதைவிட மோசம், போட்டுவிட்டோம் என்று நம்பி எல்லாரும் சும்மா இருந்துவிடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரி ஜீப் ரிப்பேரில் கிடந்தது. பஸ் ஓட வேண்டுமென்றால் மேலே உத்தரவு வேண்டும். உத்தரவு வர என் அறிக்கை வேண்டும்.

பெட்டியை டீக்கடை நிழலில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா தாளை என் பக்கம் தள்ளினார். "முன்ன எழுதுனது நீ. மாத்தி எழுதறதும் நீதான்."

எழுதினேன். பஸ் ஓட வேண்டும், ஆனால் வழியில் எங்கேயும் நிற்காமல் ஓட வேண்டும். சந்தைக்கு வருகிறவர்களை அன்றன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும். அப்படி ஓடினால் யாரும் நடுவழி ஊர்களில் தங்கமாட்டார்கள். இதெல்லாம் சுலபமாக வந்தது. ஏன் மாற்றுகிறேன் என்ற இடத்தில் பேனா நின்றது.

"மேடம், 'தவறு'ன்னே எழுதணுங்களா?"

"வேற பொருத்தமான வார்த்த தெரிஞ்சா எழுதேன்."

யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. 'என் முந்தைய அறிக்கை தவறு. அதனால் நோய் நடுவழி ஊர்களுக்குப் பரவியிருக்கிறது' என்று எழுதினேன். தகுதிகாண் பருவத்தில் இருக்கிறவன் தன் கையாலேயே இப்படி எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் அஞ்சாம் நாள் காலையை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரம்மா அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் என்னோடு வந்தார். அங்கே இருந்த கிளார்க் படித்துவிட்டு, "அன்னிக்கு நிறுத்துங்கறீங்க, இன்னிக்கு ஓட்டுங்கறீங்க. இது பஸ்ஸா, உங்க வூட்டு மாட்டு வண்டியா?" என்று கேட்டார். ஆனால் அதிகாரி 'தவறு' என்ற வரியை இரண்டு தடவை படித்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டரை.

கண்டக்டருக்கு ஒரே கொண்டாட்டம். "வாங்க சார், உங்க வண்டிதான், ஏறுங்க!" என்று ஐஸ் பெட்டியை வாங்கி நிழல் பக்கத்து சீட்டில் வைத்து, மேலே ஈரச்சாக்கைப் போட்டுத் தன் துண்டால் கட்டினார். நான், நர்ஸம்மா, பெட்டி. வேறு ஆள் இல்லை. வழியில் ஆட்கள் கை காட்டினார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "நிக்காது! நிக்காது! சந்தையன்னிக்கு வாங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். டிரைவர் பெரியவர் வளைவுகளில் ஹாரனை விடாமல் அடித்தார். ஜன்னலுக்கு வெளியே தூரத்துச் சரிவுகளில் நடுவழி ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒன்றரை மணி நேரம். நான் இரண்டு நாளாக ஏறிய மலை அது.

ரோடு முடிகிற இடத்திலிருந்து கடைசி ஊருக்கு இரண்டு மணி நேர நடை. பெட்டியை நானும் கண்டக்டரும் மாற்றி மாற்றித் தூக்கினோம். அவர் வர வேண்டியதே இல்லை. வந்தார். ஊருக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் கைப்பிடி அளவு மிஞ்சியிருந்தது. வெயில் இன்னும் மரத்து உச்சியில் இருந்தது. மருந்துக் குப்பிகள் தொட்டால் சில்லென்று இருந்தன. நர்ஸம்மா ஒரு குப்பியை என் கன்னத்தில் வைத்துக் காட்டிச் சிரித்தார்.

ஆனால் பிள்ளைகளைக் காணோம். நாற்பது வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் மரியாதையாகத்தான் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சார். ஆத்தா வர்ற நேரத்துல ஊசி குத்துனா அவளுக்குக் கோவம் வரும்னு பொம்பளைங்க பயப்படறாங்க." நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். ஒரு கதவும் திறக்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கலக்கிய மருந்தை ரொம்ப நேரம் வைக்க முடியாது.

அப்போது ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

"யாருடி அங்க கதவச் சாத்தறது? நான் இந்தப் பனியில எதுக்குக் குந்தியிருக்கறன்? ஆத்தா என் வூட்டுக்குத்தான வந்திருக்கா, அவளுக்குக் கோவம்னா எங்கிட்டச் சொல்லியிருப்பா! எவ புள்ளயாவது ஊசி போடாம ஒளிஞ்சிதுன்னு தெரிஞ்சிது, இப்பவே ரெண்டு புள்ளயயும் தூக்கிகிட்டு அவ வூட்டுக்கே விருந்துக்கு வந்துருவன்! வரட்டா?"

மாமியார்தான் முதலில் சிரித்தார். "செய்வா. செய்யக்கூடியவதான்" என்று சொல்லிவிட்டு, தன் மகள் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. இருட்டுவதற்குள் பாதி, மறுநாள் காலையில் மீதி. வெள்ளையம்மாவின் சின்னவனுக்குப் போட முடியவில்லை. அவனுக்கு இனிமேல் போட்டுப் பயனில்லை, அண்ணனிடமிருந்து ஒட்டியிருந்தால் நாள் தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அதை நான் ஓடைக்கரையில் நின்று அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அவரை முதலில் பார்த்ததிலிருந்து பத்தாம் நாள் நான் மறுபடி ஏறினேன். பெரியவன் கொட்டாய் வாசலில் கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். கைக்குழந்தையின் காதுக்குப் பின்னால் நாலைந்து சிவப்புப் புள்ளி. நான் ஒன்றுமில்லை என்று சொன்ன குழந்தை. அவனை அன்றைக்கு மாமியார் கையில் கொடுத்திருந்தால் இந்த நேரம் ஊருக்குள் எத்தனை பிள்ளைகள் மடியில் ஏறி இறங்கியிருப்பான் என்று நினைத்தேன். ஊசி அவர்கள் உடம்பில் இன்னும் முழுசாகப் பிடித்திருக்காது.

அடுத்த நாலு நாள் அவனுக்கு மோசமாக இருந்தது. மூச்சு இழுத்தது. டாக்டரம்மா அந்த பஸ்ஸிலேயே வந்து, மலை ஏறி, கொட்டாய்க்குள் குனிந்து மருந்து கொடுத்தார். வெள்ளையம்மா அந்த நாலு நாளும் அவனை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக் கூரை அங்கிருந்து தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஒரு தடவைகூடப் போகிறேன் என்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் குழந்தை பாலுக்கு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் மாமியார் தரையில் விழுந்து கும்பிட்டதை நான் பார்த்தேன்.

நடுவழி ஊர்கள் நான்கிலும் மணல்வாரி பரவி அடங்கியது. நர்ஸம்மாவும் நானும் வீடு வீடாகப் போனோம். ஒரு ஊரில் ஒரு பெண் குழந்தை போய்விட்டது. என் அறிக்கையால் போனதா, பஸ் ஓடியிருந்தாலும் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரும் அதைச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. எனக்கு அது ஆறுதலாக இல்லை, உங்களுக்கும் ஆறுதலாக இருக்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் ஒரு ரோட்டை அடைக்க எழுதும் முன்னால், அந்த ரோட்டில் போகிறவர்கள் ரோடு இல்லாவிட்டால் எப்படிப் போவார்கள், எங்கே படுப்பார்கள் என்று அவர்களிடமே போய்க் கேளுங்கள். சந்தையில் உட்கார்ந்திருப்பார்கள், சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள்.

மூன்றாம் தண்ணி ஊற்றுகிற நாளன்று நான் போயிருந்தேன். அம்மை இறங்கினால் வேப்பிலை போட்ட தண்ணீரை நாள் விட்டு மூன்று தடவை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாவது ஊற்றினால்தான் வீட்டுக்குப் போகலாம். வெள்ளையம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் ஊற்றித் துவட்டி, பாதையில் ஊன்றியிருந்த வேப்பங்கொத்தைப் பிடுங்கி ஓடையில் விட்டார். ஊரில் ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. ஒன்றுக்குக்கூட.

"போலாமா ஊசிக்காரரே?" என்று கேட்டார். முகம் கருத்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"போங்க" என்றேன்.

அவர் ஓடையில் காலை வைத்தார். அந்தப் பக்கம் யாரோ ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தார்கள்போல. விட்டுவிட்டார்கள். சரிவில் இருந்த எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள். ஊசி போட்டபோது ஒவ்வொருவர் பெயரையும் நான்தான் நோட்டில் எழுதினேன். அழுகிற முகங்களாகத்தான் பார்த்திருந்தேன். அத்தனை பேரும் சேர்ந்து ஓடி வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பெரியவனின் பெயரைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு, தண்ணீரை நாலாபக்கமும் வாரி அடித்துக்கொண்டு, நான் நிற்கிற பாதையில் நேராக வந்தார்கள். நான் சட்டென்று வழியை விட்டு விலகி, பாறையோரம் ஒண்டிக்கொண்டேன்.